ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எந்த எண்களை உண்மையில் பொருட்படுத்த வேண்டும்?

கேள்வி: சூரமங்கலத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. சேலம் சூரமங்கலத்தில் குடியிருக்கிறேன். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை. என் தந்தை 54 வயதில் மாரடைப்பால் காலமானார். அதற்கு முன்பு அவர் எந்த மருத்துவமனையிலும் படுத்ததில்லை. அவர் போன வயதை நானும் நெருங்கிக்கொண்டிருப்பதால், ஐந்து ரோடு பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அறிக்கை பல பக்கங்களுக்கு வந்திருக்கிறது. அதில் தடித்த எழுத்தில் குறித்திருப்பவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

ரத்த அழுத்தம் 148/92. மாடிப்படி ஏறிப் போனவுடன் ஒரே ஒரு முறை பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 12.4. ஆர்.டி.டபிள்யூ. என்ற ஓர் அளவு 15.6. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 138. லிப்போபுரோட்டீன் ஏ 62 மில்லிகிராம். சி.ஆர்.பி. 3.4. வைட்டமின் டி 17. கிரியேட்டினின் 1.0 என்பது மட்டும் சரியான அளவில் இருப்பதாகப் போட்டிருக்கிறது.

ஆர்.டி.டபிள்யூ. என்றால் என்னவென்று இணையத்தில் தேடியபோது, அது கூடுதலாக இருப்பவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. புற்றுநோய்க் குறியீடுகளும் வயிற்று ஸ்கேனும் கழுத்து ஸ்கேனும் அடங்கிய இன்னொரு தொகுப்பையும் எடுத்துவிடுவது நல்லது என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். இத்தனை எண்களில் எவை உண்மையிலேயே இறப்பு அபாயத்தோடு தொடர்புடையவை, எவற்றை மாற்றினால் அபாயம் குறையும், அந்தப் பெரிய தொகுப்பு எனக்குத் தேவையா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் இருக்கும் என் தாயாரைப் பற்றியும் கேட்க வேண்டும். அவருக்கு வயது 74. கேட்டால் "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஆனால் சென்ற ஆண்டு வரை காப்பித் தோட்டத்துக்குத் தனியே போய் வந்தவர், இப்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார். அவரையும் சேலத்துக்கு அழைத்து வந்து இதே பரிசோதனைகளை எடுக்கலாமா?

எனக்கு மதுப் பழக்கம் இல்லை. புகைப்பதும் நாளைக்கு மூன்று சிகரெட்டுக்கு மேல் போகாது.

பதில்: ஓய்வுபெற்ற பொது மருத்துவர், அஸ்தம்பட்டி

அன்பரே, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியவற்றில் உங்கள் ஆயுளோடு மிக அழுத்தமாகத் தொடர்புடைய செய்தி அதுதான். எந்த ஆய்வக அறிக்கையிலும் அது தடித்த எழுத்தில் வராது.

பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்ட் டால் என்பவரும் அவருடைய குழுவினரும் சுமார் 34,000 ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, 50 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 50 வயதில் நிறுத்தியவர்கள் அந்தப் பத்தில் ஏறக்குறைய 6 ஆண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். வெள்ளைக்காரர்களின் கணக்கு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு நம்முடையது. நகர்ப்புறத்தில் 25 முதல் 69 வயதுக்குள் நோயால் இறக்கும் விகிதம், புகைத்தவர்களிடம் புகைக்காதவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. அந்தக் கூடுதல் இறப்புகளில் மாரடைப்போடு காசநோய்க்கும் பெரும் பங்கு இருந்தது.

மூன்றுதானே என்று எண்ண வேண்டாம். நுரையீரல் புற்றுநோயில், புகைக்கும் எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்தும் ஏறக்குறைய அதே அளவில் குறைகிறது. இதயத்தின் கணக்கு அப்படியன்று. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாளைக்கு ஒன்று மட்டும் புகைப்பவருக்கே, இருபது புகைப்பவரின் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. ஆகவே மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதால் உங்களுக்கு ஆகப்போவது குறைவு. முழுவதுமாக விடுவதில்தான் பலன் இருக்கிறது. உங்கள் தந்தை போன வயதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. ஆணுக்கு 55 வயதுக்கு முன் வரும் மாரடைப்பை நாங்கள் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். உங்கள் தந்தை அந்தக் கோட்டுக்குள் வருகிறார்.

அடுத்தது ரத்த அழுத்தம். உலக அளவில் இறப்புக்கு இட்டுச்செல்லும் காரணிகளில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. 10 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஆய்வில், 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் 20 புள்ளி ஏறும்போதெல்லாம் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் ஆபத்து இரு மடங்கானது தெரியவந்தது. ஆனால் படியேறிய மூச்சோடு ஒரே முறை எடுத்த 148/92 என்ற எண்ணை நான் நம்ப மாட்டேன். அதற்காக அலட்சியப்படுத்தவும் மாட்டேன். கையில் சுற்றும் பட்டையுள்ள தானியங்கிக் கருவி ஒன்றை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காப்பி குடித்தோ புகைத்தோ அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதிவைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். அந்தச் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்றே பொருள். இந்த ஒரு வாரக் குறிப்பு, நீங்கள் கையில் வைத்திருக்கும் அறிக்கை முழுவதையும்விட ஒரு மருத்துவருக்கு அதிகம் பயன்படும்.

எல்.டி.எல். 138 என்பதைத் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அதனுடன் தந்தையின் மாரடைப்பு, சிகரெட், லிப்போபுரோட்டீன் ஏ 62 ஆகிய மூன்றும் சேரும்போது பொருள் மாறுகிறது. லிப்போபுரோட்டீன் ஏ என்பது ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள். அதன் அளவு பிறப்பிலேயே நிர்ணயமாவது. உணவாலும் நடையாலும் அசையாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கூடுதல். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். உங்கள் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். அதைக் குறைக்க முடியாததால்தான் குறைக்கக்கூடிய எல்.டி.எல்.-ஐ இறுக்கிப் பிடிக்கிறோம். ஸ்டாட்டின் மாத்திரையால் எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கும் மொத்த இறப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கும் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது.

உங்கள் அறிக்கையில் இல்லாத, மலிவான ஒரு பரிசோதனையைக் குறிப்பிட்டாக வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் அது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின் 1.0 என்பதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் சிறுநீரில் புரதம் கசிவது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையாத நிலையிலும், இறப்பு அபாயத்தோடு தொடர்புடையது என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு 2010-இல் நிறுவியிருக்கிறார்கள். கொதிப்பு உறுதியானால் இதை அவசியம் பாருங்கள். 30-க்கு மேல் வந்தால் எந்த மாத்திரை கொடுப்பது என்பதே மாறும்.

புற்றுநோய்க் குறியீடுகளும் கழுத்து ஸ்கேனும் அடங்கிய தொகுப்பு உங்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சி.இ.ஏ. போன்ற குறியீடுகள், புற்றுநோய் இருப்பது உறுதியானவர்களுக்குச் சிகிச்சையின் போக்கை அறிய உதவுபவை. அறிகுறி ஏதும் இல்லாதவரிடம் நோயைத் தேட அவற்றைப் பயன்படுத்துவதில்லை, சி.இ.ஏ. புகைப்பவர்களிடம் நோய் இல்லாமலே கூடுதலாகக் காட்டும். கழுத்து ஸ்கேன் என்ன செய்யும் என்பதைத் தென் கொரியா காட்டிவிட்டது. அங்கே உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்ததால், 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு தைராய்டு புற்றுநோய்கள் 2011-இல் கண்டறியப்பட்டன. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறவே இல்லை. எத்தனை பேர் தேவையின்றிக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பதில்: ஆய்வகத் தொழில்நுட்பர், குகை

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஆர்.டி.டபிள்யூ. பற்றி மட்டும், அன்றாடம் அந்த எண்ணை அச்சிடுபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆர்.டி.டபிள்யூ. தனியாகச் செய்யும் பரிசோதனை அன்று. ரத்த அணுக்களை எண்ணும் கருவி, சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அளவு வேறுபடுகின்றன என்பதைக் கணக்கிட்டுத் தானாகவே தரும் எண் அது. அது உயர்ந்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருப்பதாக அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2009 முதல் ஆய்வுகள் வந்திருப்பது உண்மைதான். ஆனால் அணுக்களின் அளவு கலந்து கிடப்பதற்குக் காரணங்கள் பல: இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, நீண்ட நாள் அழற்சி, சிறுநீரக, கல்லீரல் கோளாறுகள். உங்களுக்கு ஹீமோகுளோபினும் 12.4-தான், ஆண்களுக்கு 13-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆகவே உங்கள் விஷயத்தில் 15.6 என்ற எண்ணை ஆயுளோடு முடிச்சுப் போடுவதை விட்டு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினையும் பி12-ஐயும் பார்ப்பதே அடுத்த படி. 50 வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால், இரும்பு மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்பதை மருத்துவர் பார்த்தாக வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்பதையும் அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே உங்கள் 6.1 சர்க்கரை நோயின் முன்நிலைதானா, ரத்தசோகையின் நிழலா என்பது இப்போது தெரியாது. வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரத்துக்குப் பிறகும் சர்க்கரையைப் பாருங்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 3.4 என்பதும் சளி, பல்வலி, ஈறு வீக்கம் எது இருந்தாலும் ஏறும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்காமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

தடித்த எழுத்தைப் பார்த்துப் பதறுபவர்கள் ஒன்றை அறிந்திருந்தால் நல்லது. நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினர் எந்த வரம்புக்குள் வருகிறார்களோ, பல பரிசோதனைகளுக்கு அதையே இயல்பு வரம்பு என்று அச்சிடுகிறோம். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தாலும், அவற்றில் ஒன்றாவது வரம்பைத் தாண்டிக் காட்டுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். தொகுப்பு பெரிதாகப் பெரிதாகத் தடித்த எழுத்தும் கூடத்தான் செய்யும்.

பதில்: புள்ளியியல் ஆசிரியை, ஃபேர்லேண்ட்ஸ்

கேள்வி கேட்ட ஐயா அவர்களுக்கு வணக்கம். எவை இறப்போடு தொடர்புடையவை, எவற்றை மாற்றினால் அபாயம் குறையும் என்று இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

இறப்பை முன்கூட்டிக் காட்டும் எண் எல்லாம் இறப்புக்குக் காரணமான எண் ஆகிவிடாது. அடிவாரத்து மைல்கல்லைப் பிடுங்கிக் கடைசிக் கொண்டைஊசி வளைவில் நட்டுவிட்டால் ஏற்காடு கிட்டத்தில் வந்துவிடுமா? மருத்துவ வரலாற்றில் இப்படி நட்டுப் பார்த்த முயற்சிகள் உண்டு. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதல் என்பது எல்லா ஆய்விலும் தெரிந்ததால், அதை உயர்த்தும் டோர்செட்ராபிப் என்ற மருந்தை 15,000 பேரிடம் சோதித்தார்கள். ஹெச்.டி.எல். 70 சதவீதத்துக்கும் மேல் ஏறியது; மருந்து உண்டவர்களிடம் இறப்பும் ஏறியது; 2006-இல் சோதனையையே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் அறிக்கையில் உள்ள வைட்டமின் டி-யும் இந்த வகைதான். அது குறைந்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று கவனிப்பு ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆனால் நோயால் வீட்டுக்குள் முடங்கியவர்களுக்கு வெயில் படாது. அதனால் அவர்களிடம் வைட்டமின் குறைந்திருப்பதும் இயல்பு. ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்த 21,315 பேருக்குச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, ஒரு சாராருக்கு மாதம் 60,000 அலகு வைட்டமின் டி-யும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் 5 ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். 2022-இல் வந்த முடிவின்படி மொத்த இறப்பு குறையவில்லை. நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்கும் அதே 60,000 அலகுதான். எலும்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடலாம். ஆயுளுக்காக என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம்.

இதற்கு மாறாக, ரத்த அழுத்தம் மாற்றிப் பார்த்துத் தேறிய எண். 2015-இல் வெளிவந்த ஸ்பிரின்ட் சோதனையில், இதய நோய் ஆபத்து மிகுந்த 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழேயும் மறு பிரிவில் 120-க்குக் கீழேயும் கொண்டுவர முயன்றார்கள். சுமார் மூன்றே கால் ஆண்டுகளில் முதல் பிரிவில் 210 பேரும் இரண்டாம் பிரிவில் 155 பேரும் இறந்தார்கள். இதைத்தான் 27 சதவீதக் குறைவு என்று செய்தியில் படிப்போம். நூறு பேருக்கு எத்தனை என்று பார்த்தால் 4.5 என்பது 3.3 ஆனது. இரண்டும் உண்மையே. ஆனால் எந்த ஆபத்தைப் பற்றிப் படித்தாலும், நூறு பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளில் என்ற கேள்வியையும் கேட்டுவிடுங்கள். அடிப்படை ஆபத்து மிகக் குறைவாக உள்ள ஒருவருக்கு அது இரு மடங்கானாலும் குறைவாகவே இருக்கக்கூடும்.

பரிசோதனைத் தொகுப்புகளுக்கு வருகிறேன். நோயில்லாதவர்களை அழைத்துப் பொது உடல் பரிசோதனை செய்வதால் இறப்பு குறைகிறதா என்பதை, 2,50,000-க்கும் மேற்பட்டோர் பங்குபெற்ற 17 சோதனைகளைக் கொண்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் தொகுத்தது. மொத்த இறப்பில் குறைவு ஏதும் இல்லை. கொதிப்பைப் பார்ப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களும் ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவரிடம் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் பார்ப்பதால் கூடுதல் பலன் வரவில்லை என்பதே செய்தி.

உங்கள் தாயார் சொன்ன பதிலையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த சுமார் 5 லட்சம் பேரிடம் திரட்டிய 655 அளவுகளில், அடுத்த 5 ஆண்டுகளில் யார் இறப்பார்கள் என்பதை எது மிக நன்றாகக் காட்டுகிறது என்று 2015-இல் பார்த்தார்கள். ஆண்களைப் பொறுத்தவரை முதலிடம் பிடித்தது, "உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன விடை. எவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்ற கேள்வியும் மேல் வரிசையில் நின்றது. ரத்தம் எடுக்காமலே இவ்வளவு தெரிகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

நேரம் ஒதுக்கி இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் என் நன்றி. ஃபெர்ரிட்டினுக்கும் பி12-க்கும் நாளைக் காலையிலேயே ரத்தம் கொடுக்கிறேன். பெரிய தொகுப்பு வேண்டாமென்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டேன். சிகரெட்டைப் பற்றி வீட்டில் பேசியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அம்மாவுக்கு எதைப் பார்ப்பது என்பது ஒன்று. அலுவலக நண்பர் ஒருவர், இதயத்தில் கால்சியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேனில் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். அதை எடுக்கலாமா என்பது மற்றொன்று.

பதில்: கிராம சுகாதாரச் செவிலியர், ஏற்காடு வட்டாரம்

அண்ணா, உங்கள் அம்மா இருக்கும் பக்கத்தில்தான் நான் பணி செய்கிறேன் என்பதால் எழுதுகிறேன். ஆசிரியை அம்மா சொன்ன பிரிட்டன் ஆய்வை மறுக்கவில்லை. ஆனால் மலையில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம். அதனால் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. போன வருடம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று கேட்போம். குடத்தைத் தூக்குவதா, ஈரப் புடவையைப் பிழிவதா, சந்தைக்குப் போவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் உண்மை வெளியே வரும். உங்கள் அம்மா பாதி வழியில் உட்காருகிறார் என்று நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். 74 வயதில் அதைவிட முக்கியமான செய்தி ரத்தத்தில் கிடைப்பது அரிது.

கைப்பிடியின் வலு 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதை, இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வு 2015-இல் காட்டியது. மேல் ரத்த அழுத்தத்தைவிடப் பிடியின் வலுவே இறப்பை நன்றாக முன்கூட்டிச் சொன்னது. நடையின் வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டி, 65 வயதைத் தாண்டிய 34,485 பேரிடம் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. வீட்டிலேயே அளக்கலாம். மலைப்பாதையில் வேண்டாம், சமதளத் திண்ணையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ 4 மீட்டருக்குக் கோடு போட்டு, வழக்கமான நடையில் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். 5 நொடிக்குள் கடந்தால் அந்த வயதுக்கு நல்லதே. அதைவிட நேரம் கூடக் கூடக் கவனம் தேவை. ஆனால் பாதி வழியில் உட்காருவது கால் தளர்வாலா, மூச்சு வாங்குவதாலா, நெஞ்சை அழுத்துவதாலா என்று பிரித்துக் கேட்பது அளப்பதைவிட அவசரம். மூச்சோ நெஞ்சோ காரணமானால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவரா என்பதையும் சொல்லுங்கள். புகை பிடிக்காத பெண்களின் நுரையீரல் அடுப்புப் புகையால் பாதிக்கப்படுவதை இங்கே அடிக்கடி பார்க்கிறோம்.

எடையையும் பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஓர் ஆண்டுக்குள் எடை இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும். இருமலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை. 2022 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் காசநோய் கண்டவர்களில் யாருக்கு உயிராபத்து என்பதை நாங்கள் எதைக் கொண்டு பிரிக்கிறோம் தெரியுமா? உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவைதான். மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழே, நிற்க முடியவில்லை என்று இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனையில் சேர்ப்பதற்கான மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இவற்றுக்குச் செலவு என்று ஏதும் இல்லை.

அம்மா கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுபவரானால், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். நின்றதும் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் தலைசுற்றி விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு சாதாரண விஷயம் அல்ல. மாத்திரைக்காக அவர் கீழே இறங்கி வர வேண்டியதும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைப் பதிந்தால் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களையும் அம்மாவையும் பற்றி எழுதினீர்கள். அண்ணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயை ஒரே ஒரு முறை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததில், கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் உலகமே படித்த ஆய்வு அது. புற்றுநோய்க்காக ஒரு பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்றால், உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பணம் இல்லாமல் பார்க்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பொது மருத்துவர், அஸ்தம்பட்டி

செவிலியர் அம்மா எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். உங்கள் தாயாருக்கு அதே வரிசையில் செய்யுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின், தைராய்டு ஆகியவை போதும். முதியவர்களுக்குத் தசை குறைந்திருப்பதால் கிரியேட்டினின் இயல்பாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். எனவே வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறனைக் கேட்டு வாங்குங்கள்.

கால்சியம் ஸ்கேன் நல்ல பரிசோதனைதான். ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் தயங்கும்போது அது தராசின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தும். கால்சியம் பூஜ்யம் என்று வந்தால் பலர் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். ஆனால் புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் இள வயது மாரடைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பூஜ்யம் வந்தாலும் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. இவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்துகின்றன. ஸ்கேன் எதைக் காட்டினாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போவது மாறாது என்னும்போது அந்தச் செலவு தேவையில்லை. ஒரு வாரக் கொதிப்புக் குறிப்பு, ஃபெர்ரிட்டின், பி12, குளுக்கோஸ் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின் ஆகியவற்றோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்; எல்.டி.எல்.-க்கு மாத்திரை தொடங்குவதைப் பற்றி நீங்களாகவே அவரிடம் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது தோளிலோ இறுக்கம் வந்து, நின்றால் போய்விடுவதுபோல் எப்போதாவது இருந்தால் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள இதய மருத்துவரிடமோ போய்விடுங்கள்.